கூடு பத்திரமாக இருக்கிறது

பல் துலக்கிக்கொண்டே அண்ணாந்தபோதுதான் ஷெர்லின் அதைப் பார்த்தாள். குளியலறை வெண்டிலேட்டரின் கண்ணாடிப் பலகைகளில் மேலே இருந்த இரண்டுக்கும் நடுவே, நேற்று வரை வெளிச்சம் வந்துகொண்டிருந்த சந்தில், யாரோ விரலால் இழுத்துவிட்டது போல மண் அப்பியிருந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த ஈரமண். வாயில் நுரையோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். குளவியாகத்தான் இருக்கும். சீசன் இல்லாத குற்றாலத்தில் மனிதர்கள் குடியிருக்கும் வீடு ஒன்று என்றால் குளவிகள் குடியிருக்கும் வீடு பத்து.

ஐந்தருவிச் சாலையில் சீசனுக்கு நாள் வாடகைக்கு விடுகிற மாடிவீடு அது. சாரல் அடிக்கும் மாதங்களில் ஒரே அறையில் எட்டுப் பேர் ஈரத்துண்டைக் கொடியில் போட்டுவிட்டு எண்ணெய் வாசனையோடு குறட்டை விடுவார்கள். இது பங்குனி. அருவியில் பாறைதான் இருந்தது. லாட்ஜுகள் ஷட்டரை இறக்கிவிட்டன, சிப்ஸ் கடைகள் தார்ப்பாய்க்குள் போய்விட்டன, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேறு பிழைப்பு தேடி ஊருக்குப் போய்விட்டார்கள். போகாதது குரங்குகள் மட்டும்தான். தின்பதற்கு எதுவும் கிடைக்காத ஆத்திரத்தில் அவை வீடு வீடாகக் கையை விட்டுப் பார்க்கும். அதனால் அந்தத் தெருவில் எல்லா ஜன்னலுக்கும் கம்பி, கம்பிக்கு மேல் இரும்பு வலை, மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கிரில் கதவு. குற்றாலத்தில் குரங்கு ரோட்டில் உலாத்தும், மனுஷன் கூண்டுக்குள் இருப்பான் என்று ஆட்டோக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஷெர்லினும் அதைச் சொல்லிச் சிரித்தவள்தான்.

கீழே குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆவுடையம்மாள் இட்லித் தட்டோடு மேலே வந்தாள். ஐம்பது வயது, வாய் நிறைய வெற்றிலை. மண்ணைக் காட்டியதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"குளவி கூடு கட்டுச்சுன்னா வீட்ல விசேஷம்லா பிள்ளே. யாருக்கோ வயித்துல நிக்கப் போவுது. எனக்கு அந்தக் கதையெல்லாம் முடிஞ்சாச்சு. மேல நீ ஒருத்திதான இருக்க?"

"எனக்குக் கல்யாணமே ஆகலையேக்கா."

"அத எங்கிட்ட ஏன் சொல்லுத? குளவிகிட்ட சொல்லு," என்று சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனாள்.

ஷெர்லின் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று பழைய பிரஷ்ஷால் மண்ணைச் சுரண்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. குளவிக் கூட்டில் இருக்க வேண்டிய துளை அதில் இல்லை. வெளிப்பக்கத்தில் ஒட்டடை அப்படியே கலையாமல் இருந்தது. மண் உள்பக்கமாகத்தான் பூசப்பட்டிருந்தது. விரலை முகர்ந்து பார்த்தாள். புளித்துப்போன அத்திப்பழமும் பறவை எச்சமும் கலந்த காரமான வாடை. இந்த வாடையை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வேலையே அந்த வாடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பதுதான்.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். பையையும் பைனாகுலரையும் பச்சைத் தொப்பியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆராய்ச்சிப் படிப்புக்காக ஒரு பறவைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து அவள் காவல் காத்தது ஒரு இருவாச்சிக் கூடு. செங்கோட்டைப் பக்கத்தார் மலையாளத்து வாடையில் வேழாம்பல் என்பார்கள். கழுகைவிடப் பெரிய பறவை, தலையில் மஞ்சள் கொண்டை, பறந்தால் அந்தக் காலத்துக் கரி எஞ்சின் வருவது மாதிரி இறக்கைச் சத்தம் மலை முழுக்கக் கேட்கும். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை உயரமான மரத்துப் பொந்துக்குள் போய் உட்காரும். ஆண் கொண்டுவந்து தரும் மண்ணையும் தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து, உள்ளே இருந்தபடியே வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுவைக்கும். உள்ளே அதன் இறகெல்லாம் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அத்தனை நாளும் அந்தக் கீறல் வழியாக ஆண் ஊட்டும் பழம்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் உயிர். நேரம் வந்ததும் தானே பூச்சைக் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஐந்தருவிக்கு மேலே அந்த வனச்சரகத்தில் முன்பு பல கூடுகள் இருந்தன. மரம் போனது, பழம் போனது, கொண்டைக்கு ஆசைப்பட்டவர்களின் துப்பாக்கி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இப்போது தெரிந்து இருப்பது இந்த ஒரு கூடுதான், ஒரு பெரிய வெடிப்பலா மரத்தில். இதிலிருந்து ஒரு குஞ்சு பறந்தால் இந்த மலையில் இருவாச்சி உண்டு. இல்லையென்றால் இல்லை. ஷெர்லினுக்கு அது வெறும் வேலையாக இருந்ததே இல்லை. தன் வீட்டுப் பிள்ளைத்தாச்சியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

மாசியில் அடித்த ஒரு காற்றுமழையில் கிளை முறிந்து விழுந்து, பொந்தின் பூச்சில் பாதி பெயர்ந்துவிட்டது. இரண்டு நாளாக ஒரு மரநாய் அந்த மரத்தையே சுற்றியது. கூட்டைத் தொடக்கூடாது, எது நடந்தாலும் முதலில் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டத்தின் முதல் விதி. தெரிவித்து, அனுமதி வந்து சேர்வதற்குள் மரநாய் உள்ளே புகுந்து முடித்திருக்கும். தேனெடுக்க மரமேறிப் பழகிய மாடக்கண்ணுதான் அவளுக்குத் துணையாள். அவர் வடகரையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுப் பூச்சு வேலையில கொஞ்சம் சிமெண்ட்டு மிச்சம் கெடக்கு மேடம். புத்துமண்ணுல ஒரு கை சேத்துட்டா மரநாய் நகத்துக்கு அசையாது," என்றார்.

"ஒரு கை என்ன அண்ணாச்சி, ரெண்டு கையாவே சேருங்க," என்றாள் ஷெர்லின்.

கயிறு கட்டி மேலே ஏறி அவர் பூசினார். கீழிருந்து அவள் கை காட்டக் காட்டக் கீறலை மட்டும் விட்டுவிட்டு வழுவழுவென்று பூசிவிட்டு இறங்கினார். அன்று ராத்திரி மரநாய் பிராண்டிப் பார்த்துவிட்டு ஏமாந்து போனது. இருவரும் ஆளுக்கொரு டீ குடித்து அதைக் கொண்டாடினார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கும் வழக்கம்போலத் திட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்டது ஒரே வரிதான்: கூடு பத்திரம்.

பிள்ளையார் பிடிக்கப் போன கதை எப்படி முடியும் என்று தெரியாதவர் யார்?

அன்று காலை அவள் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாடக்கண்ணு உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். காற்று இல்லை. சருகு வாசனையும் தூரத்தில் எங்கோ புகைந்த புல்லின் வாசனையும் அசையாமல் நின்றன. மேலே, பொந்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

"விடியுறதுக்கு முன்னயே ஆரம்பிச்சுட்டு மேடம். வெளிய வரப் பாக்கு," என்றார் அவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

ஷெர்லின் பைனாகுலரில் பார்த்தாள். கீறலுக்குள் அலகு நுனி வந்து வந்து போயிற்று. வந்த இடத்தில் பொடிகூட உதிரவில்லை. மற்ற வருடங்களில் ஒரு காலைப் பொழுதில் உடைந்துபோகிற பூச்சு அது.

"உடைக்கணும் அண்ணாச்சி. இன்னைக்கே."

"யாரு வேண்டாங்கா? மேல ஏறி உளியால ஒடைக்கணும்னா இன்னொரு ஆளு கயிறு பிடிக்கணும். யாரக் கூப்பிடுவிய? நாளைக்கு உத்திரம். ஊரே சாஸ்தா கோயிலுக்குக் கெளம்பி நிக்கி. எங்க வீட்லயும் பானை சட்டியெல்லாம் வேன்ல ஏத்தியாச்சு. உத்திரம் முடிஞ்ச மறுநா நானும் என் மச்சானும் வந்து ஒடச்சிருதோம்."

பங்குனி உத்திரத்தன்று இந்தப் பக்கத்தில் எவரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். அவரவர் குலதெய்வ சாஸ்தா எந்தக் குளத்தங்கரையில், எந்தக் காட்டில் இருந்தாலும் அங்கே போய்ப் பொங்கலிட்டுத் திரும்பினால்தான் அவர்களுக்கு வருடம் ஓடும். ஷெர்லினுடைய அம்மா வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு கிடையாது. ஆலங்குளத்தில் அவர்கள் போவது சர்ச்சுக்கு.

"பரமேஸ்வரன் சார்ட்ட சொல்லிட்டா தென்காசியிலருந்து ஆள் அனுப்புவாங்க," என்றாள். திட்டத்தை நடத்துகிறவர் அவர்தான், அவள் படிப்புக்கு வழிகாட்டியும் அவரே.

மாடக்கண்ணு அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். "சிமெண்ட்டு வச்சம்னு சொல்லுவியளா? எனக்கு வேல போவும். ஒங்களுக்குப் படிப்பே போவும். ரெண்டு நாளுதான மேடம். ஆம்பளப் பறவதான் தீனி கொண்டாந்துகிட்டு இருக்குலா? செத்தா போவப் போவுது?"

மலையைக் கிழித்துக்கொண்டு இறக்கைச் சத்தம் வந்தது. ஆண் பறவை வந்து கிளையில் உட்கார்ந்து, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து கீறலில் நீட்டியது. உள்ளிருந்து கடைசிப் பழத்தை யாரும் வாங்கவில்லை. அது கீழே, அவள் காலடியில் வந்து விழுந்தது. டொக், டொக். இரண்டு நாள்தானே என்று அவளும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஃபோனை எடுத்துக் குழுவில் போட்டாள்: கூடு பத்திரம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலையை வாரியபோது சீப்போடு ஒரு கைப்பிடி முடி வந்தது. குழாய்த் தண்ணீரைத் திட்டிவிட்டு அதைச் சுருட்டி எறிந்தாள். குளியலறையில் காலையில் சுரண்டிய இடத்தில் மறுபடியும் மண் இருந்தது. இப்போது இரண்டு பலகைச் சந்து. வெளியே வெயில் இன்னும் இருந்தது, குளியலறைக்குள் மட்டும் ஒரு மங்கல். அதைச் சுரண்டத் தோன்றவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்து டீ போட்டாள்.

டீ கொதிக்கும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. அடுப்பை அணைத்தாள். அது நிற்கவில்லை. சமையலறைச் சுவருக்குள், அவள் தோள் உயரத்தில், நிதானமாக, யாருக்கும் அவசரமில்லாத மாதிரி. டொக். டொக். சுவரில் காதை வைத்தாள். சுண்ணாம்பு சில்லென்று இருந்தது. சத்தம் நின்றது. காதை எடுத்ததும் தொடர்ந்தது.

"கீழ ஏதும் தட்டுதியளா அக்கா?" என்று படியில் நின்று கேட்டாள்.

"உரல்லகூட இன்னைக்கு ஒண்ணும் இடிக்கலையே," என்றாள் ஆவுடையம்மாள் கீழிருந்து. "நாளைக்கு விடியாமலே நான் கோயிலுக்குக் கெளம்பிருவேன் பிள்ளே. கீழ்க் கேட்டப் பூட்டிட்டுப் போறேன், கொரங்கு உள்ள வந்துரும். ஒங்கிட்ட ஒரு சாவி இருக்குலா? உத்திரம் முடிஞ்சுதான் வருவேன். பத்திரமா இருந்துக்க."

மறுநாள் வீடு அவளுடையது மட்டும் ஆனது. தெருவும்தான். சாவியைத் திருப்பிக் கேட்டைத் திறந்து அவள் வெளியே வந்தபோது ஒரு ஆட்டோகூட இல்லை. காட்டுக்குள் தனியே ஏறினாள். மரத்தடியில் நேற்று விழுந்ததைப் போல நிறையப் பழங்கள் கிடந்தன, ஈ மொய்க்க. மேலே சத்தம் இருந்தது. ஆனால் இரண்டு தட்டுக்கு நடுவே நீண்ட இடைவெளி. எண்ணெய் தீர்ந்துபோகிற விளக்கு மாதிரி விட்டுவிட்டு. கூடவே இன்னொன்று, மிகச் சன்னமாக, மூச்சைப் பிடித்துக் கேட்டால்தான் கேட்கிற மாதிரி ஒரு குஞ்சின் குரல்.

ஷெர்லின் அழுதாள். வெட்கமில்லாமல், வாய்விட்டு, மரத்தைக் கையால் அடித்து அழுதாள். எட்டாத உயரத்தில் ஒரு உயிர், அதை அடைத்து வைத்தது அவள், அதுவும் ஆசையால். அடித்த கை வலித்ததைத் தவிர மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆண் பறவை வந்தது. கீறலில் பழத்தை நீட்டிக் காத்திருந்தது. வாங்க ஆளில்லாமல் விட்டது. அப்புறம் அது தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தது. சிவந்த கண். இவ்வளவு நாளில் அது அவளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவளை ஒரு பாறையாகத்தான் வைத்திருந்தது. இப்போது பார்த்தது, வெகுநேரம். பிறகு எழும்பி, பழமரங்கள் இருக்கும் மேற்கே போகாமல், சரிவில் இறங்கி ஊரைப் பார்க்கப் பறந்தது. எஞ்சின் சத்தம் ஐந்தருவிச் சாலைப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

வீடு திரும்பியதும் அவள் முதலில் பார்த்தது சமையலறை ஜன்னல் திட்டைத்தான். அதில் ஒரு அத்திப்பழம் இருந்தது. வலைக்கு உள்பக்கம். அந்த வலையின் கண்ணில் சுண்டுவிரல் நுழையாது. அவள் பழத்தைத் தொடாமல் வலையின் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தாள். எங்கும் கிழிசல் இல்லை. ஓரங்களில் மட்டும், சட்டத்தை ஒட்டிச் சுற்றிலும், ஈரமண். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்த தடங்கள் அதில் வரிசையாக இருந்தன. ஏதோ தோன்ற, தன் கட்டைவிரலை ஒரு தடத்தில் வைத்தாள். பொருந்தியது.

கையை இழுத்துக்கொண்டாள். நகக்கண்களில் மண் இருந்தது. காட்டு மண்தான், மரத்தை அடித்தாளே, என்று உரக்கச் சொன்னாள். வெற்று வீட்டில் அந்தக் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

ஃபோன் அடித்தது. அம்மா, தங்கபுஷ்பம்.

"என்னட்டி, சாப்டியா? கொரல் ஏன் ஒரு மாதிரி கரகரங்கு?"

"ஒண்ணுமில்லம்மா. தூசி."

"இங்க வந்துட்டுத்தான் போயேன். ஒத்தையில அந்தக் கூண்டு வீட்ல என்னத்தட்டி பண்ணுத?"

"நாளைக்கழிச்சு வாரேன்மா. ஒரு வேலை இருக்கு." தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு வந்தது. இருமினாள். உள்ளங்கையில் சிறிய, வழுவழுப்பான ஒரு அத்தி விதை. அதைப் பார்த்துக்கொண்டே ஃபோனை வைத்துவிட்டாள்.

போதும் என்று தோன்றியது. வேலை போகட்டும், படிப்பு போகட்டும். சொல்லிவிட வேண்டியதுதான். பொழுது சாய்கிற நேரத்தில் பரமேஸ்வரன் சாரின் எண்ணை அழுத்தினாள். சுவருக்குள் தட்டிக்கொண்டிருந்தது, அவள் அதைக் கேட்டுக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"சார், கூட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"நானே உனக்குப் பண்ணணும்னு இருந்தேம்மா," என்றார் அவர் உற்சாகமாக. "நேத்து சென்னையில நம்ம கூட்டைப் பத்தித்தான் பேசினேன். கடைசிக் கூட்டை ஒரு பொண்ணு தனியா உட்காந்து காப்பாத்திருக்கான்னு சொன்னதும் அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. உனக்குத்தாம்மா அது. சொல்லு, கூடு எப்படி இருக்கு?"

சுவருக்குள் சத்தம் நின்றுவிட்டது. யாரோ அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது போல. வீடு முழுக்க அந்த அமைதி. அவள் வாயைத் திறந்தாள். ஒரு சொல் போதும். சிமெண்ட் என்ற அந்த ஒரு சொல். பெட்ரோமாக்ஸோடு ஏணியோடு இன்றைக்கே ஆள் வந்துவிடும்.

"பத்திரமா இருக்கு சார்," என்றாள் ஷெர்லின்.

சுவருக்குள் மறுபடி தட்டவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. கட்டிலில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் ஃபோனில் எழுதினாள். இரண்டு கை சிமெண்ட், தன் கை காட்டல், இரண்டு நாள் பொய், எல்லாம். அனுப்பும் இடத்தில் விரலை வைத்தாள். காலையில் அனுப்பலாம், இந்நேரம் அனுப்பினால் அவருக்குத் தூக்கம் போய்விடும் என்று ஒரு சாக்குத் தோன்றியது. தோன்ற வேண்டிய நேரத்தில் சாக்கு தோன்றாமல் இருந்ததுண்டா? ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தாள். கூரைக்கு மேல் கரி எஞ்சின் ஒன்று வந்து நின்றது.

விழித்தபோது இருட்டு.

விடியவில்லை போலிருக்கிறது என்று புரண்டு படுத்தாள். தலையணை முழுக்க மெத்தென்று எதுவோ ஒட்டியது. முடி. கையால் தலையைத் தடவினாள். வழுவழுவென்று, அங்கங்கே முள் முளைத்தது போல. ஃபோனைத் தட்டினாள். மணி பத்தைத் தாண்டியிருந்தது. காலை பத்து.

ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல் இல்லை.

ஃபோன் வெளிச்சத்தில் சுவர் தொடர்ச்சியாக ஓடியது. வளைந்து. மூலைகள் இல்லை. கட்டிலிலிருந்து இறங்கிய கால் எச்சத்திலும் சக்கையிலும் பதிந்தது. அதே வாடை, மூக்கை எரிக்கிற மாதிரி. கதவைத் தேடினாள். கதவு இருந்த திசையில் கைக்கு மண் அகப்பட்டது. ஈரம். நகத்தால் பிராண்டினாள். உதிர்ந்தது. நிம்மதியில் ஒரு விம்மல் வந்தது. இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டாள்.

மண்ணுக்குப் பின்னால் வேறொன்று இருந்தது.

கெட்டி. சாம்பல் நிறம். வழுவழுவென்று, வெளியே நின்று யாரோ பார்த்துப் பார்த்துப் பூசியது. அவளுக்கு அது என்ன கலவை என்று தெரியும். எத்தனை கை என்றும் தெரியும்.

நகம் பெயர்ந்தது. தட்டினாள். முட்டியால். ஃபோனின் முனையால். பிறகு வேறு எதனாலோ, முகத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கனமான எதனாலோ.

டொக். டொக். டொக்.

ஒரு இடத்தில் மட்டும் வெளிச்சம். விரல் அகலம். கண்ணை அதில் வைத்தாள். வெகு கீழே ஐந்தருவிச் சாலை, வெயில், சருகு. சாலையில் மாடக்கண்ணு நின்றுகொண்டிருந்தார், அண்ணாந்து. நெற்றியில் கோயில் திருநீறு. பக்கத்தில் ஒரு பெண். பச்சைத் தொப்பி. கண்ணில் பைனாகுலர்.

கத்தினாள். கத்தியதாகத்தான் நினைத்தாள். கீறல் வழியாக வெளியே போனது ஒரு கரகரப்பு.

"உள்ள தட்டுதே மேடம்," என்றார் மாடக்கண்ணு. "இன்னைக்கே ஒடச்சிருவமா?"

பைனாகுலரை இறக்கினாள் அந்தப் பெண். தெரிந்த முகம். கண்ணாடியில் தினமும் பார்த்த முகம். கனிவாகத்தான் இருந்தது, கண்ணில் ஈரம்கூட இருந்தது.

"ரெண்டு நாள்தான அண்ணாச்சி," என்றாள், ஷெர்லினுடைய குரலில். ஃபோனை எடுத்து ஏதோ தட்டினாள்.

இருட்டுக்குள், ஷெர்லினுடைய கையில், ஃபோன் ஒளிர்ந்தது. குழுவில் அவள் பெயரில் ஒரு வரி.

கூடு பத்திரம்.

அதோடு ஃபோன் அணைந்தது.

கீழே இருவரும் திரும்பி நடந்தார்கள். பேச்சு தேய்ந்தது. அவள் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். பின்னால், இருட்டில், தன் வயிற்றை ஒட்டி, சூடாக, மெல்லியதாக எதுவோ கீச்சிட்டது.

மலைப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம் வந்தது. நெருங்கியது. நின்றது. கீறலை மறைத்துக்கொண்டு ஒரு சிவந்த கண் உள்ளே பார்த்தது, வெகுநேரம். பிறகு கண் விலகி, மஞ்சள் அலகு நுழைந்தது. நுனியில் ஒரு அத்திப்பழம்.

கடவுளே, என்ன பசி.

ஷெர்லின் வாயைத் திறந்தாள்.